மடியா, மேசையா?

புருஷன் பொண்டாட்டி கதைன்னதும் கரண்டி பறக்கும், தட்டு பறக்கும்னுதானே இப்படி முன்னாடி வந்து உக்காந்திருக்கீங்க? சாய்ஞ்சு உக்காருங்க. இதுல பறந்தது ஒருத்தரோட மானம் மட்டும்தான். அவரு ஒரு கேஷியர்.

கேஷியர் வீட்டம்மாவுக்கு ஜன்னல் திரை தைக்கிற தொழில். வீடு வீடா போய் அளவெடுத்து, எந்தத் துணி மாட்டினா எப்படி இருக்கும்னு லேப்டாப்புல காட்டுவாங்க. அந்த லேப்டாப் போன வாரம் மண்டையைப் போட்டுடுச்சு. வர்ற ஆர்டரெல்லாம் அடுத்த தெருவுக்குத் திரும்புது. சேர்த்து வச்ச காசைக் கையில எடுத்துக்கிட்டு அந்தம்மா கேட்டாங்க:

"என்னங்க, எது வாங்கினா காசுக்குத் தகும்?"

கேஷியர் தொண்டையைச் செருமினாரு. "டெஸ்க்டாப்தான். யானை மாதிரி உழைக்கும்."

"யானையை இடுப்புல வச்சுக்கிட்டு வீடு வீடா போகணுமா?"

"நீ ஏன் போகணும்? அவங்க வரட்டும்."

"ஜன்னலைக் கழட்டிக்கிட்டா?"

"டெஸ்க்டாப்புன்னா டெஸ்க்டாப்தான்"னு கேஷியர் செருப்பைத் தேடினாரு.

"சரி, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்"னாங்க அந்தம்மா. அங்கதான் சுருக்குன்னுச்சு. திட்டியிருந்தா தாங்கியிருப்பாரு மனுஷன். நம்பிட்டாளே! "பெட்டி கனமா இருக்கும். எதிர்வீட்டு அண்ணனையும் கூட்டிட்டுப் போவோம்"னு வேற சொன்னாங்க.

எதிர்வீட்டு அண்ணன் ரிட்டையர்டு பஸ் டிரைவர். பஸ்ஸுக்கு பிரேக் உண்டு, அவரு வாய்க்கு இல்ல. கேஷியருக்கு வேர்த்துச்சு. அதுக்குள்ள டிரைவர் சட்டை மாத்திக்கிட்டு வாசல்ல நிக்கிறாரு.

கடையில, கலர் கலரா லைட் எரியுற ஒரு பெட்டி முன்னாடி கேஷியர் காலு தானா நின்னுச்சு.

"இது ஏன் இந்த விலை?"ன்னாங்க அந்தம்மா.

"உள்ள பெரிய கிராபிக்ஸ் கார்டும்மா. கார் ரேஸ் விளையாடினா நிஜ ரோட்டுல போற மாதிரியே இருக்கும்"னாரு கடைக்காரர்.

"நம்ம வீட்டுல யாருங்க கார் ரேஸ் விளையாடுறா?"

"சேச்சே! நானா? இந்த வயசுலயா?"

"அப்போ அந்தக் கார்டு வேணாம். லைட்டு?"

"வே... வேணாம்."

"இவ்வளவு அகலத் திரை? நம்ம ஜன்னலே இவ்வளவு அகலம் இல்லையே."

"வேணாம்."

"அப்புறம் டெஸ்க்டாப்புல மிச்சம் என்னங்க?"

"டெஸ்க்கு"ன்னாரு கேஷியர், ஈனஸ்வரத்துல.

"அது வீட்டுலயே கிடக்கு. கடைக்கார அண்ணே, அந்தச் சின்ன லேப்டாப்பைக் கட்டுங்க."

தன் வாயாலயே ஒவ்வொண்ணா கழட்டிக் குடுத்துட்டு நின்னாரு கேஷியர். போகட்டும், விஷயம் வெளிய வரலையேன்னு மூச்சு விடப் போனாரு. அந்தம்மா மெதுவா டிரைவர் பக்கம் திரும்பினாங்க.

"என்னண்ணே, உங்க மூஞ்சி ஏன் தொங்கிப் போச்சு?"

"பின்ன என்ன தங்கச்சி? நானும் சாரும் பங்கு போட்டு வாங்கி, எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கோமே கார் ரேஸ் ஸ்டியரிங்கு, அதை இனிமே எதுல மாட்டி ஓட்டுறது?"