ஆட்டை ஒழிக்க ஒரு காடு

எங்கள் வீட்டு ஆடுகளை ஒழிப்பதற்காக நான் ஒரு காடு வளர்க்கத் தீர்மானித்தேன்.

நெடுந்தீவுத் தபால் கந்தோரில் வேலை பார்க்கிற ஒரு கௌரவமான மனிதனின் சாய்மனைக் கதிரையில் ஆடு ஏறிப் படுத்தால் அவன் வேறென்ன செய்வான்? என் மனைவி சறோஜினிதேவி ஆடு வளர்க்கிறாள் என்று ஊரில் சொல்வார்கள். உண்மையில் ஆடுகள் வளர்ந்தது போக மிச்ச இடத்தில் அவள் என்னையும் வளர்த்தாள். நான் உடுக்க வைத்திருந்த புதுச் சாரத்தை ஒரு மறியாடு தின்றபோது, அதன் வயிற்றுக்குள் நூல் சிக்கிவிடுமோ என்றுதான் அவளுக்குக் கவலை. சாரம் போனவனை அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

ஆட்டை விற்கச் சொன்னால் சண்டை வரும். சண்டை வந்தால் நான் தோற்பேன். ஆகவே ராசதந்திரத்தில் இறங்கினேன்.

எங்கள் பகுதியில் கடற்கரையை அடுத்து ஒரு பொதுவெளி. அதன் ஓரத்தில் ஊருக்கே ஒரேயொரு நல்லதண்ணிக் கிணறு. சோளகக் காற்று வீசத் தொடங்கினால் கடற்கரை மணல் முழுக்க அந்தக் கிணற்றைத் தேடித்தான் வரும். எண்பத்தாறாம் ஆண்டுச் சோளகத்தில் மணல் கிணற்றுக் கட்டுக்கே ஏறிவிட்டது. வெளியில் மரம் நட்டுக் காடாக்கினால் காற்றும் மணலும் அங்கேயே நின்றுவிடும். இது ஊருக்குச் சொன்ன காரணம். எனக்கென்று ஒரு காரணம் இருந்தது. ஊராடுகள் எல்லாம் மேய்வது அந்த வெளியில்தான். மேய்ச்சலை மறித்தால் மறியும் போகும், கிடாயும் போகும்.

முதல் காரணத்தை மட்டும் சறோஜினியிடம் சொன்னேன். தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"நல்ல விசயமப்பா. செய்யுங்கோ."

குரல் அப்படியே குழைந்திருந்தது. கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் என்னோடு குழைந்து பேசியதில்லை. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தோசம்தான் வந்தது. தமக்கையைப் பார்க்க யாழ்ப்பாணம் போகிறாளாம், வருகிறபோது கன்றுகளையும் ஏற்றி வருகிறாளாம். மருதும் இலுப்பையும் புளியும் எடுத்துவரச் சொன்னேன். மூன்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினாள்.

அவள் போனதும் மரநடுகைச் சங்கம் தொடங்கினேன். நானே தலைவர். வேறு ஒருவரும் அகப்படாததால் செயலாளரும் நானே. அங்கத்தவர் சேர்க்க வீடு வீடாகப் போனேன். ஏரம்பு அண்ணை என்னைப் படலையிலேயே மறித்தார்.

"அங்கை மரம் நட்டால் என்ரை ஆடு எங்கை மேயிறது? உம்மட தலையிலயோ?"

என் தலையில் மேய ஒன்றுமில்லை என்பது அவருக்கும் தெரியும். இலட்சுமிப்பிள்ளை அக்கா தேத்தண்ணி தந்து, பலகாரம் தந்து, ஆட்டைக் கட்டிவைக்க ஏலாது என்று சொல்லி அனுப்பினா. மற்ற வீடுகளில் பலகாரம் இல்லாமல் அதே பதில். ஒரு பெண்ணின் ஆடுகளைக் கணக்குப் பண்ணிய நான், ஊர் முழுக்க ஆடும் பெண்ணும் இருப்பதை மறந்துவிட்டேன்.

கன்றுகளோ சறோஜினியோடு குறிகட்டுவான் துறையில் லோஞ்சு ஏறி வந்து இறங்கிவிட்டன. உழவு மெசினில் ஏற்றி அந்த வெளியில் இறக்கினோம். நடுகைக்குக் குறித்த ஞாயிற்றுக்கிழமை குழி தோண்ட அலவாங்கோடு போய் நின்றேன். ஒரு குருவிகூட வரவில்லை. அடியெல்லாம் முருகைக் கல். நாலு குத்துக் குத்தினேன். நிலம் பிளக்க முன்னம் என் உள்ளங்கை பிளந்தது. வெயில் ஏற ஏறக் கன்றுகள் தலையைத் தொங்கப்போட்டன. அவற்றுக்கு அப்பால் கிணறு, பாதிக்கு மணல். அந்த நேரம் ஆடுகள் என் நினைவிலேயே இல்லை. வருகிற சோளகத்துக்கு இந்தக் கிணறு மூடினால் சனம் எங்கே போகும் என்றுதான் பயந்தேன்.

வீட்டுக்கு ஓடிப்போய், எல்லாம் பட்டுப்போகப் போகுது என்று சறோஜினியிடம் சொன்னேன். என் கையைப் பார்த்தாள். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டாள். பிறகு சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போனாள்.

வெயில் தாழ ஊரே திரண்டு வந்தது. அலவாங்கு, மண்வெட்டி, வாளி, குடம். எல்லாருக்கும் முன்னால் ஏரம்பு அண்ணை. ஆம்பிளைகள் குழி வெட்ட, பெண்கள் வரிசையாக நின்று தண்ணீர் கைமாற்ற, பொழுதுபடுவதற்குள் கடைசிக் கன்றும் மண்ணுக்குள் போய்விட்டது. எனக்கு மூச்சு வந்தது. கண்ணும் கொஞ்சம் கலங்கியது. கிணற்றுக் கட்டில் ஏறி, சங்கத்தின் அழைப்பை ஏற்று வந்த அன்பர்களே என்று தொடங்கினேன்.

"உம்மட அழைப்புக்கு ஆர் வந்தது?" என்றா இலட்சுமிப்பிள்ளை அக்கா. "இது முழுக்க ஆடு தின்னுற குழை எண்டு சறோஜினி சொன்னவ. அதுக்குத்தான் வந்தனாங்கள்."

குனிந்து பார்த்தேன். தபால் கந்தோர்க்காரனுக்கு முத்திரை தெரியும், இலை தெரியாது. பக்கத்தில் வந்து நின்ற சறோஜினியிடம் மெல்லக் கேட்டேன்.

"நான் மருதும் இலுப்பையும் எல்லோ கேட்டனான்?"

"இது பூவரசும் வாதராணியும். உப்புக் காத்துக்குத் தாங்கும், மணலையும் மறிக்கும், ஆட்டுக்கும் குழையாகும். ஆட்டை விக்கிறதுக்கெண்டு ஆரும் காடு நடுவினமே?"

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"நீங்கள் ஊருக்கு நல்லது செய்ய வெளிக்கிட்ட உடனேயே தெரியும்."

கோபம் இல்லை, சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்குப் பாதி உயிர் வந்தது. அடுத்த கிழமை பெய்த மழையில் மீதியும் வந்தது. கன்றுகள் தலைக்கு மேல் வளரும் வரை ஆடுகளைக் கட்டித்தான் வளர்ப்பது, அதுவரை வேலிக் குழையை ஆம்பிளைகள்தான் வெட்டிப்போடுவது என்று நட்ட அன்றே அந்த இடத்திலேயே பெண்கள் முடிவெடுத்துவிட்டார்கள். தலைவரை ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது மணல் காட்டுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. கிணறு தெளிவாக இருக்கிறது. எங்கள் வீட்டு ஆடுகள் இரண்டு மடங்காகிவிட்டன. கந்தோருக்குப் போக முன்னம், கொக்கத்தடியோடு போய்க் குழை ஒடித்துத் தலையில் சுமந்து வருகிறேன். சங்கத் தலைவர் என்று இந்தத் தீவில் என்னைக் கண்டு எழும்பி நிற்பவை அந்த ஆடுகள் மட்டும்தான்.