மகள் வீட்டில் நான் நடத்திய தரப் பரிசோதனை

மதிப்பிற்குரிய அக்கா அவர்களின் சமூகத்திற்குத் தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கே நான் நலம், என் ரத்த அழுத்தம் மட்டும் நலமில்லை. அங்கே தாங்களும் அத்தானும் அத்தானின் மூட்டுவலியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் இவ்வளவு மரியாதையாக எழுதினால் கோபமாக இருக்கிறேன் என்று அர்த்தம். அது உனக்கே தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், என் மகளின் அம்மா காலமான பிறகு, நீ என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து என்ன சொன்னாய் என்று ஞாபகப்படுத்துகிறேன். உன் மருமகளை நான் வளர்க்கவில்லையாம், பொத்தி வைத்திருக்கிறேனாம். முப்பத்தோரு வயதுப் பெண்ணுக்கு இன்னும் செருப்பு மாட்டிவிடுகிறேனாம். அவளுக்குப் படிப்பு ஏறாது, புதிதாக எதையும் மூன்று தடவை மெதுவாகச் சொன்னால்தான் பிடிபடும் என்றேன். "அதுக்காக அவ உன் கையைப் புடிச்சுக்கிட்டே கிழவி ஆகணுமா?" என்று கேட்டுவிட்டு, அந்த வீட்டை நீயே கண்டுபிடித்தாய். அவளும் அவளைப் போன்ற இரண்டு பேரும், ஆளுக்கொரு அறை, பொதுவாக ஒரு சமையலறை, முடியாத வேலைக்குக் கைகொடுக்க ஷிப்ட் முறையில் பணியாளர்கள். நான் மூக்கைச் சிந்திக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். அதன் விளைவைக் கேள்.

பிஸ்கட் கம்பெனியில் முப்பத்து மூன்று வருஷம் தரப் பரிசோதகராக இருந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் யாரும் எதையும் பரிசோதிக்கக் கொடுப்பதில்லை. அதனால் போன செவ்வாய்க்கிழமை காலை நோட்டும் பேனாவுமாக, தகவல் சொல்லாமல் மகள் வீட்டுக்குப் போய் மணியடித்தேன், சொல்லிவிட்டுப் போனால் அது பரிசோதனையா, விருந்தா? கதவைத் திறந்தது அவளோடு தங்கியிருக்கும் பெண். எதற்கும் தீர்ப்பு சொல்வதால் ஜட்ஜம்மா என்று பெயர். என்னை ஏற இறங்கப் பார்த்து, வருவதாகச் சொன்னீர்களா என்று கேட்டாள். நான் அப்பா என்றேன். அதைக் கேட்கவில்லை என்று கதவைச் சாத்திவிட்டாள். பதினொரு நிமிடம் படியில் நின்றேன் அக்கா. வீட்டுப் பொறுப்பாளர் அம்மா, என் மகளிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்து என்னை உள்ளே விட்டார். நான் தூக்கி வளர்த்த பெண்ணிடம் அனுமதி!

உள்ளே அவள் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். ஒரு காலில் சிவப்பு சாக்ஸ், மறுகாலில் பச்சை. குறித்துக்கொண்டேன். முட்டையில் பாதி ஓடு. அதையும் குறித்தேன். பொறுப்பாளர் அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றார், தீயைக் குறைக்கலாமா என்று கேட்டதைத் தவிர ஒரு உதவியும் செய்யவில்லை. நீங்களே பொரித்தால் என்ன என்றேன். நான் செய்தால் நாலு நிமிடம், அவங்க செய்தால் இருபது நிமிடம், அந்த இருபது நிமிடம் பொறுமையாக நிற்பதுதான் என் வேலை என்றார். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று என் நோட்டுக்குத் தெரியவில்லை.

சரி, மகளைப் பற்றிய ஃபைலைக் காட்டுங்கள் என்றேன். அதற்கும் அவளிடம் அனுமதி. "படிக்கட்டும், அவருக்கும் பொழுது போகணும்ல" என்றாள் உன் மருமகள். அதில் ஒரு பக்கம் முழுக்க அவளுக்குப் பிடிக்காதவை, படங்களோடு. முதலில் பல் டாக்டரின் துளைக்கருவி. கடைசியில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு ஆள், கையில் நோட்டு. கீழே, "சொல்லாமல் வரும் அப்பா." கடைசி இடம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். வரிசை கீழேயிருந்து மேலே போகிறது என்று ஜட்ஜம்மா விளக்கினாள்.

போன மானத்தை மீட்க, சமையலறைத் தொட்டிக்கு அடியில் புகுந்து சொட்டிக்கொண்டிருந்த குழாயைச் சரிசெய்தேன். அதன் பிறகு அது சொட்டவில்லை, பீச்சியது. நான் தொப்பலாக நனைந்து, மகளுடைய பூப்போட்ட மேலங்கியைப் போர்த்திக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தபோது அசல் ஆய்வாளர் வந்து சேர்ந்தார். இப்படிப்பட்ட வீடுகளைச் சோதிக்க அரசாங்கம் அனுப்பும் அம்மா. மூன்றாவதாக அங்கே தங்கியிருப்பவர் ஒரு நடுத்தர வயதுக்காரர், பகலில் சலவைக்கடையில் துணி மடிக்கப் போய்விடுவார். அவர்தான் நான் என்று நினைத்து, ஆய்வாளர் என் பக்கத்தில் குனிந்து, கிணற்றுக்குள் கூப்பிடுவதுபோல, "உங்களை... இங்க... நல்லா... பார்த்துக்கறாங்களா?" என்றார். நான் தரப் பரிசோதகர் என்றேன். ரொம்ப நல்லது என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். முப்பத்து மூன்று வருஷம் என்றேன். அதற்கும் தலையாட்டினார், ஒரு எழுத்தும் எழுதவில்லை. என் தலைக்கு மேலே பொறுப்பாளரைப் பார்த்து, இவருக்குத் தண்ணீரில் விளையாடப் பிடிக்குமோ என்று கேட்டார். நான் சொல்வது யார் காதிலும் ஏறவில்லை அக்கா.

என் மகள்தான் எழுந்து வந்தாள். "மேடம், இவர் எங்க அப்பா. இவர் இங்க இருக்கறவர் இல்ல. நான்தான் இங்க இருக்கேன், என்கிட்ட கேளுங்க." ஆய்வாளர் முகம் சிவந்து, எங்கள் இருவரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவள் பக்கம் நாற்காலியைத் திருப்பினார்.

"காலையில வர்றவங்க நல்லவங்க. சாயங்காலம் வர்றவங்க கதவைத் தட்டாம உள்ள வர்றாங்க. நான் துணி மாத்தும்போதும் வர்றாங்க. என்னைப் பத்தி என் முன்னாடியே போன்ல சிரிக்கறாங்க. எனக்குப் புரியாதுன்னு நினைக்கறாங்க. புரியும்."

யாரிடமாவது சொன்னாயா அம்மா என்று ஆய்வாளர் கேட்டார். "அப்பாகிட்ட. மூணு தடவை."

உண்மைதான். முதல் தடவை, உதவி செய்ய வருபவர்களை அனுசரித்துப் போ என்றேன். இரண்டாவது தடவை, சாப்பிட்டாயா என்றேன். மூன்றாவது தடவை லைன் சரியில்லை. இல்லை, உன்னிடம் எதற்குப் பொய், லைன் நன்றாகத்தான் இருந்தது. முட்டை ஓட்டைக் குறித்தேன், சாக்ஸைக் குறித்தேன். இதை எங்கேயும் குறிக்கவில்லை. பொறுப்பாளர் அம்மா, சாயங்காலம் எப்படி என்று விசாரிக்காமல் காலையில் மட்டும் கேட்டுவிட்டுப் போனது என் தப்பு என்று அவளிடம் வாய்விட்டுச் சொன்னார். நான் அதைக்கூடச் சொல்லவில்லை. மேலங்கியின் நாடாவை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆய்வாளர் ஒரு பக்கம் முழுக்க எழுதினார். சாயங்காலக்காரியை அன்றைக்கே நிறுத்திவிட்டு விசாரணை வைத்திருக்கிறார்கள்.

ஆகவே முடிவெடுத்துவிட்டேன். இனி ஒரு நாளும் அவள் அங்கே இருக்கக் கூடாது. அவள் அங்கே போன பிறகு நான் மாறிக்கொண்ட ஒற்றை அறையில் இரண்டு பேர் நீட்டிப் படுக்க முடியாது. உன் வீட்டு மாடி அறையை ஒழித்து வை. நானும் அவளும் சனிக்கிழமை வந்து இறங்குகிறோம், வேனுக்குச் சொல்லியாகிவிட்டது. எதிர்த்துப் பேசாதே.

வயதில் சின்னவன், வாழ்த்த எனக்குத் தகுதியில்லை. அத்தானுக்கு வணக்கமும், உனக்குக் கொஞ்சம் கோபம் கலந்த அன்பும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் மகளுக்குப் போன் செய்தேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன், அதற்கே பாதி நேரம் போய்விட்டது. பிறகு சனிக்கிழமை விஷயத்தைச் சொன்னேன். சனிக்கிழமை முடியாதாம். சாயங்கால வேலைக்குப் புது ஆள் எடுக்கிறார்களாம், வருபவர்களைக் கேள்வி கேட்கப் போவது இவளும் ஜட்ஜம்மாவுமாம். வீட்டை விட்டு வர மாட்டாயா என்றேன். "என் வீடுப்பா, நான் எதுக்குப் போகணும்? தப்பு பண்ணவங்கதான் போயாச்சே" என்றாள். வேனை ரத்து செய்துவிட்டேன், மாடி அறையை அப்படியே விட்டுவிடு. போனை வைக்கும் முன் அவள் ஒரு கேள்வியை என்னிடம் ஒத்திகை பார்த்தாள். "இங்க இருக்கறவங்க உங்ககிட்ட ஒண்ணு சொன்னா நீங்க என்ன செய்வீங்க?" முதலில் கேட்பேன் என்றேன். பதில் சரிதான், ஆனால் முன் அனுபவம் போதாது என்று சொல்லிவிட்டாள்.