ஒற்றைக்காதுக்கு அரை நாள் விடுப்பு

மனித நாகரிகத்தின் வரலாற்றை எழுதப்போகிறவர்கள் நெருப்பையும் சக்கரத்தையும் சொல்லி முடித்த கையோடு, எங்கள் குடைத் தொழிற்சாலையின் சுற்றறிக்கை எண் நாற்பத்தொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். அதைத் தயாரித்தவன் நான் என்பதைத் தன்னடக்கம் கருதி இரண்டாவது வாக்கியம்வரை தள்ளிப்போட்டிருக்கிறேன்.

'வளர்ப்புப் பிராணிகள் முன்தடுப்பு நல விடுப்பு' என்பது அதன் தலைப்பு. வீட்டில் நாயோ பூனையோ கிளியோ வளர்க்கும் தொழிலாளர்களுக்கு, தடுப்பூசி, பூச்சி மருந்து, பல் பரிசோதனை, எடை பார்த்தல் ஆகியவற்றுக்காக ஆண்டுக்கு நான்கு அரை நாள், சம்பளத்தோடு. பிராணிக்கு நோய் இருக்க வேண்டிய அவசியமில்லை. நோய் இல்லாமல் இருப்பதே போதுமான காரணம்.

இது எங்கள் முதலாளியின் கண்ணீரில் பிறந்த திட்டம். அவருடைய நாயை, தொழிலாளர்கள் 'சின்ன முதலாளி' என்று மரியாதையாக அழைப்பார்கள். வருடாந்திரப் பரிசோதனையில் சின்ன முதலாளிக்கு இரண்டு கடைவாய்ப் பற்களில் சொத்தை ஆரம்பித்திருப்பது தெரிந்தது. நல்ல வேளை, ஆரம்பம்தான்.

"நோய் வந்தப்புறம் ஓடுறது காட்டுமிராண்டித்தனம்ய்யா" என்றார் முதலாளி, நாயின் தாடையை வருடியபடி. "வர்றதுக்கு முன்னாடியே போய்ப் பாக்கணும். அதான் நாகரிகம்."

"நாம குடை விக்கிறவங்க ஐயா. மழைக்கு முன்னாடி வர்றதுதானே நம்ம தொழில்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நாய் என் முழங்காலை நக்கியது. அன்றைக்கே சுற்றறிக்கை தயார்.

இப்படிப்பட்ட பொற்காலத்தில்தான் அக்கா ஒரு சங்கடத்தை உண்டாக்கினார். அக்கா எங்கள் தையல் பிரிவில் பதினெட்டு வருடமாகக் குடைத்துணியைக் கம்பிகளோடு சேர்த்துத் தைப்பவர். அவரைவிட ஐந்து வயது மூத்த நான் உட்பட எல்லோருக்கும் அவர் அக்காதான்.

"சார், ஒரு அரை நாள் வேணும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"என்ன நோய்?"

"தெரியலையே சார், அதைப் பாக்கத்தான் போறேன். வலது கை அப்பப்ப மரத்துப்போகுது. எழுந்து நின்னா தலை சுத்துது."

"நோய் விடுப்புக்கு நோய்ச் சான்றிதழ் வேணும்மா."

"அதை டாக்டர்தானே தரணும்?"

"ஆமா."

"டாக்டரைப் பாக்க லீவு வேணும்ல?"

"ஆமா. அதுக்குத்தான் சான்றிதழ்."

காற்றில் மடங்கித் திரும்பிக்கொண்ட குடையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "முதல்ல லீவுல போய்ப் பாத்து, ஒண்ணுமில்லைன்னு டாக்டர் சொல்லிட்டா?"

"அப்ப உடம்பு நல்லா இருக்கும்போதே நோய் விடுப்பு எடுத்திருக்கீங்கன்னு அர்த்தம். அது மோசடிம்மா."

பெரிய ஆஸ்பத்திரியில் வார விடுமுறை அன்று சீட்டு கிடையாது. மற்ற நாட்களில் காலை பதினொரு மணிக்குச் சீட்டு முடிந்துவிடும். எல்லா நிறுவனங்களுக்கும் ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது அல்லவா?

மறுநாள் என் மேஜையில் ஒரு விண்ணப்பம் இருந்தது. 'வளர்ப்புப் பிராணி: பூனை. பெயர்: ஒற்றைக்காது. நோய்: இல்லை. விடுப்பு: அரை நாள்.'

ஒற்றைக்காது எங்கள் கிடங்கில் எலி பிடிக்கும் பூனை. இன்னொரு காது எந்தச் சண்டையில் போனது என்பதற்கு ஆவணம் எதுவும் இல்லை.

"அது கம்பெனிப் பூனைம்மா."

"சம்பளப் பட்டியல்ல இருக்கா சார்?"

"இல்ல."

"அப்ப என் பூனை. என் மதியச் சாப்பாட்டுல பாதி அதுக்குத்தான் போகுது. சாட்சி வேணும்னா தையல் பிரிவே வரும்."

சட்டப்படி மடக்கிவிட்டார். கையெழுத்துப் போட்டேன். "ரொம்ப நன்றி சார்" என்று உடனே நகர்ந்தார். அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. நான் மொத்த வியாபாரிகள் மத்தியில் வளர்ந்தவன். பேரம் பேசாமல் போகிற வாடிக்கையாளரைக் கண்டால் என் அப்பா முதலில் தராசைத்தான் திருப்பிப் பார்ப்பார். எனவே 'மேற்பார்வை'க்காக நானும் உடன் செல்வது என்று நானே முடிவெடுத்து, நானே ஒப்புதல் அளித்தேன்.

ஒற்றைக்காது குடை அட்டைப்பெட்டியில், மூச்சுவிட ஆறு ஓட்டைகளோடு, கால்நடை மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தது. டாக்டரம்மாவின் முன்கை முழுக்கப் பழைய கீறல்கள். அனுபவசாலி. பூனையின் உதட்டைத் தூக்கிப் பல் பார்த்தார், இமையை இழுத்துப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், எடை போட்டார். நாலு கிலோ இருநூறு. இத்தனை அக்கறையோடு என்னை யாரும் தொட்டுப் பார்த்ததில்லை.

"தலை சுத்துற மாதிரி தள்ளாடுதா? கால் எதாவது வராம இழுக்குதா?"

"அதுக்கு இல்லம்மா" என்றார் அக்கா. "எனக்குத்தான்."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "சரி, ஊசி போடுறேன், இறுக்கிப் பிடிங்க."

அக்கா பிடித்தார். இடது கை பிடித்தது. வலது கை பிடிக்கவில்லை. பூனை நழுவி, என் தோளில் ஏறி, சட்டையோடு சதையையும் கிழித்துவிட்டு அலமாரிமேல் போய் உட்கார்ந்தது. டாக்டரம்மா பூனையை விட்டுவிட்டு அக்காவின் கையைப் பிடித்தார்.

"என் விரலை அழுத்துங்க. இன்னும். அவ்வளவுதானா?" கடிகாரத்தைப் பார்த்தார். "மணி பத்தேகால். நான் மாட்டு டாக்டர், எனக்கே தெரியுது. நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. சீட்டு கிடைச்சிடும்."

அக்கா என்னைப் பார்த்தார். அவருடைய பையில் தண்ணீர் பாட்டிலும் மாற்றுப் புடவையும் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். ஆக, பூனை ஒரு சாக்கு! என் சந்தேகம் வென்றது. சுற்றறிக்கையை எடுத்து வாசித்தேன்.

"பிரிவு மூன்று. விடுப்பு பிராணியின் நலனுக்கு மட்டுமே. பிராணி நலமாக உள்ளது என்று உறுதியானதும் ஊழியர் உடனடியாகப் பணிக்குத் திரும்ப வேண்டும்."

"சார், நீங்க மனுஷன்தானா?" என்றார் டாக்டரம்மா.

"நிர்வாக மேலாளர்" என்றேன் அடக்கமாக.

அக்காவால் உதற முடியாத பதினெட்டு வருட வேலை. அலமாரிக்குக் கீழே நின்று, இடது கையைத் தூக்கி, பூனையைக் கூப்பிட்டார்.

டாக்டரம்மா ஊசியைப் போட்டுவிட்டு, பூனையின் சான்றிதழில் கோபமாக எழுதினார்: 'பூனை நலம். பூனையைக் கொண்டுவந்தவர் நலமில்லை. உடனே பரிசோதிக்கவும்.'

அன்று பிற்பகல் அவசரக் கூட்டம். முதலாளி, கணக்கு அதிகாரி, நான், சின்ன முதலாளி.

"மாட்டு டாக்டர் மனுஷிக்கு எழுதினா செல்லுமா?" என்று கேட்டார் கணக்கு அதிகாரி. "இதை விட்டா, நாளைக்கு மனுஷ டாக்டர் நாய்க்கு எழுதுவாரு."

முதலாளி பதறிப்போய் நாயை மடியில் தூக்கிக்கொண்டார். "பூனைக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்லை ஐயா."

"அப்பாடா."

பூனையின் தொடர் கண்காணிப்புக்கு வசதி செய்வது என்றும், அக்காவின் கோரிக்கையை 'நோய் உறுதியானபின்' பரிசீலிப்பது என்றும் தீர்மானம். சின்ன முதலாளி ஒருமுறை குரைத்தது. 'ஏகமனதாக' என்று எழுதிக்கொண்டேன்.

ஒன்பதாவது நாள் காலை, தையல் பிரிவில் ஊசி கீழே விழுந்தது. பின்னாலேயே அக்காவும். கம்பெனி வண்டியிலேயே கொண்டுபோனோம். வலது கையும் வாயின் ஒரு பக்கமும் போயிருந்தன. நோய் உறுதி. சான்றிதழில் மூன்று முத்திரைகள், ஒரு குறையும் சொல்ல முடியாது. அரை நிமிடத்தில் இரண்டு மாத விடுப்பை அனுமதித்தேன். எங்கள் நிறுவனம் தகுதியுள்ளவருக்கு விடுப்பு மறுத்ததாகச் சரித்திரமே இல்லை.

"முன்னாடியே பாத்திருக்கணும்ய்யா" என்று கண்கலங்கினார் முதலாளி, நாய்க்குப் பல் துலக்கியபடி.

"ஆமாங்கய்யா."

சான்றிதழைக் கொண்டுவந்த அக்காவின் மகள் வாசலிலேயே நின்றாள். "அம்மாவால சரியா பேச முடியல சார். ஆனா ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாங்க. பூனைக்கு அடுத்த ஊசி இருபத்தொண்ணாம் நாளாம். யாரு கூட்டிட்டுப் போவீங்க?"

பொறுப்புள்ள நிறுவனம் என்பதால் உடனே அறிவிப்புப் பலகையில் இரண்டு காலியிடங்களை ஒட்டினேன். ஒன்று, அக்காவின் தையல் இருக்கை. மற்றொன்று, ஒற்றைக்காதின் 'வளர்ப்பாளர்'. இருக்கைக்கு ஒரு விண்ணப்பமும் வரவில்லை. பூனைக்குப் பதினேழு.

சாயப் பிரிவிலிருந்து மூன்று மாதமாக இருமுகிறவர். மார்பில் கட்டி இருக்குமோ என்று தோழியிடம் மட்டும் சொல்லிப் பயப்படுகிற பெண். இரவில் ஏழு முறை எழுந்துபோகிற காவலாளி. பூனை மேல் தங்களுக்குள்ள அன்பை உருக்கமாக எழுதிவிட்டு, கடைசியில் எல்லோரும் ஒரே வரியைச் சேர்த்திருந்தார்கள்: 'காலை பதினொரு மணிக்குள் போக அனுமதிக்கவும்.'

பதினேழாவது விண்ணப்பம் என்னுடையது. கொஞ்ச நாளாக மாடி ஏறினால் எனக்கும் நெஞ்சை அடைக்கிறது. அதை நானே பரிசீலித்து, நானே அனுமதித்தேன்.

மற்ற பதினாறு பேருக்கும் அன்றே பதில் அனுப்பிவிட்டேன்: 'நோய் வந்ததும் தெரிவிக்கவும்.'