கழுதைச் செல்லியின் மூட்டை இறக்கு படலம்

வாழ்க, கம்பம் வாழைக்காய் மண்டியின் வாடாத தோளோன்! வாழ்க, துண்டுச் சும்மாட்டையே மணிமுடியாய்ச் சூடி, தார் தாராய் லாரி ஏற்றி, ஏற்றிய களைப்பை ஒரே டீயில் இறக்கும் சுமைவேந்தன் மொக்கைச்சாமி! மேற்குமலை மேகமே, கொஞ்சம் நின்னு கேட்டுட்டுப் போ. ஒரு கழுதைக்காக அவன் தன் மூக்கையே களத்தில் இறக்கிய கதையைச் சொல்லப் புகுந்தோம்.

செல்லி என்பது அக்கழுதையின் பெயர். ஊர்க்கழுதை அன்று, நீலத்தும்பி என்னும் விளையாட்டுக் கம்பெனியார் கம்ப்யூட்டரில் வரைந்து, செல்போனுக்குள் உலவவிட்ட கழுதை. முன்னே ஒரு வியாபாரி, பின்னே உப்புமூட்டை சுமந்த செல்லி, இருவரும் மலை மலையாய் நடப்பார்கள். ஞாயிறுதோறும் நேரலை. பாதி வழியில் ஆட்டம் நிற்கும். அடுத்து நடக்க வேண்டியதைப் பார்க்கிறவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்ய வேண்டும். காதை மூடிய ஹெட்போனும் கலையாத சிரிப்புமாய் ஒரு தம்பி திரையில் தோன்றி, "மக்களே, கதை உங்க கையில!" என்று முழங்குவான். அந்த ஒரு சொல்லில் விழுந்தான் மொக்கைச்சாமி. மீசை நரைக்கும் மட்டும், வாழைத்தாரைத் தவிர வேறெதுவும் அவன் கையில் இருந்ததில்லை.

வந்தது கயிற்றுப்பால வாரம். மூட்டையை இறக்கிவிட்டுப் பாலம் கடப்பதா, சுமந்தபடியே கடப்பதா என்று கேள்வி போட்டு, தீர்ப்பை அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிவைத்தது கம்பெனி. மலைச்சுனை போல் பொங்கியது மொக்கைச்சாமியின் நெஞ்சு. மண்டி நடுவே நின்று முழங்கினான்: "அந்தப் பிள்ளை ஒரு நாளாச்சும் வெறும் முதுகோட நடக்கட்டும்லே!"

எதிர்த்தெழுந்தான் லாரி டிரைவர் ஈஸ்வரபாண்டி, ஆரன் ஒலியால் ஆடுமாடு கலக்கும் ஆற்றலோன். "கழுதைன்னா சொமக்கணும்ணே. மூட்டைய இறக்கிட்டா அது என்ன குதிரையா?"

கேட்டவர் சிரிக்க, மூண்டது தேர்தல்! ஆடிக்காற்று புழுதி வாரிக்கொண்டு பள்ளத்தாக்கில் புகுவதைப் போல் புறப்பட்ட மொக்கைச்சாமி, திராட்சைப் பெட்டி கட்டும் ஷெட்டுக்குள் நுழைந்து, ஆட்டோ ஸ்டாண்டில் மொழிந்து, சலூனில் பாதிச் சவரத்தில் கிடந்த தாடைகளையும் விடாமல் பிடித்து வாக்குக் கேட்டு, கேரளத் தோட்டத்துக்குப் போகும் ஜீப்பையே மறித்து, ஏலக்காய் எடுக்கப் போகும் மலையம்மாளின் முன் இரு கை கூப்பி நின்றான். எதிரணியோ லாரிக் கண்ணாடியில் "சுமப்பதே கழுதைக்கு அழகு" என்று சுண்ணாம்பால் எழுதிப் பவனி வந்தது.

"மனுசனுக்குப் போட்டே ஒண்ணும் நடக்கல. கழுதைக்குப் போட்டா நடந்துட்டுப் போகுது" என்று வாக்களித்தாள் மலையம்மாள். ஜீப்பே அவள் பின்னால் நின்றது.

ஞாயிறு மாலை. பிச்சையம்மாள் டீக்கடையில் சீனி டப்பா மேல் சாய்ந்து, சிம்மாசனம் ஏறியது மொக்கைச்சாமியின் செல்போன். வாக்கெடுப்பு திறந்ததும், முல்லையாற்று மதகு திறந்தாற்போல் ஊரே அவரவர் போனில் பாய்ந்தது. படைத்தலைவன் தன் பெருவிரலை ஓங்கி ஊன்றினான். போன் அசையவில்லை. மீண்டும் ஊன்றினான், அசையவில்லை. காய்ப்புக் காய்த்து, வாழைக்கறை ஏறி, ரேஷன் கடை மெஷினே யாரென்று தெரியாமல் திருப்பி அனுப்பிய விரலல்லவா அது! ஆள்காட்டிவிரல் தோற்றது, சுண்டுவிரல் தோற்றது, எச்சில் தொட்ட நடுவிரலும் புறங்காட்டியது. நேரமோ கரைகிறது. "அண்ணே, கழுதையே உங்க ஓட்டு வேணாங்குது!" என்று கூவினான் ஈஸ்வரபாண்டி.

அப்போது குனிந்தான் வீரன். கறை அறியாத, காய்ப்பு அறியாத, தன் உடம்பிலே உழைக்காத ஒரே உறுப்பாகிய மூக்கின் நுனியை, கோயில் மணியில் நா படுவதுபோல் திரையில் பதித்தான். டிங் என்றது போன்! ஏறியது வாக்கு!

கூட்டம் ஆர்த்தது. எண்ணிக்கைப் பட்டையில் "இறக்கு" என்னும் பச்சை வைகை அணை வெள்ளம் போல் பெருகி, "சுமந்து கட" என்னும் சிவப்பை ஓரத்தில் ஒடுக்கியது. திரையில் வியாபாரி மூட்டையை இறக்கினான். செல்லி வெறும் முதுகைச் சிலிர்த்தது. மொக்கைச்சாமி தன்னையறியாமல் தன் பிடரியைத் தடவிக்கொண்டான். கண்ணோரம் நனைந்ததை டீ ஆவி என்றான்.

திரை ஒருமுறை இமைத்தது. பாலத்தின் நடுவே வியாபாரி. பின்னே செல்லி. செல்லியின் முதுகில் அதே உப்புமூட்டை, இறங்கியதே இல்லை என்பதுபோல் ஆடி ஆடிப் போனது.

"சூப்பர் மக்களே! உங்க முடிவாலதான் செல்லி பாலத்தைக் கடந்துருச்சு!" என்றான் ஹெட்போன் தம்பி.

சீனி டப்பாவிலிருந்து போனை எடுத்து மூக்கருகே பிடித்துப் பார்த்தான் மொக்கைச்சாமி.

"இறக்குன மூட்டைய யாருலே திருப்பி ஏத்துனா?" என்று கேட்டான் மொக்கைச்சாமி, அணிந்த வீரம் அத்தனையும் உதிர்ந்த குரலில்.

பிச்சையம்மாள் டம்ளர் கழுவுவதை நிறுத்தினாள். "எந்தப் பொத்தான அமுக்குனாலும் இதே படந்தான் வரும்போல. ஒண்ணே ஒண்ணுதான் வரைஞ்சு வச்சிருக்காக."

வெகுண்டெழுந்தவன் ஈஸ்வரபாண்டி! எரிமலை போல் குமுறி, பெஞ்சு அதிரக் குதித்து, மலை எதிரொலிக்க அறைகூவினான்: "அப்ப நான் தோத்தது? அதுவும் செல்லாதா? ஒரு வாரமா லாரியெல்லாம் எழுதி, நாயா பேயா அலைஞ்சு, முறையாத் தோத்துருக்கேன்யா! எங்கன போய்ச் சொல்ல?"

பகைவர் இருவரும் ஒரே பெஞ்சில் அமர்ந்தனர். திரைக்குள் செல்லி அக்கரை மலையில் ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த வாரமும் கதை நம் கையில்தான் என்று சிரித்தான் தம்பி. மொக்கைச்சாமி போனை மடியில் கவிழ்த்து வைத்தான். மண்டியிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான்.

ஈஸ்வரபாண்டி லாரியைப் பின்னால் எடுத்தான். மொக்கைச்சாமி தார் ஏத்தப் போனான்.