பத்தொன்பது மவுத்பீஸ் பாஸ்கோ

கிளாரினெட் ஊதுகிறவர்கள் ஒரு வகை. ஊதத் தயாராகிக்கொண்டே இருப்பவர்கள் இன்னொரு வகை. நான் சொல்ல வந்தது இரண்டாவது வகையை. ஆஸ்திரேலியாவில், பெண்டிகோ ஊரின் எங்கள் ஞாயிற்றுக்கிழமை பாண்டில் அதன் முழு வளர்ச்சி பெற்ற உருப்படி ஒன்று இருக்கிறது. பெயர் லிண்ட்ஸே பாஸ்கோ. பதினோரு வருடமாக முதல் நாற்காலி, அதாவது தனி வாசிப்புக்குரிய இடம், அவருடையது.

கிளாரினெட்டின் மவுத்பீஸ் என்பது விரல் நீளத்துக்குக் கறுப்பு ரப்பர். முதலில் அதை வார்க்கிறார்கள்; பிறகு ஒரு கைவினைஞர் அதன் முகத்தை இழைத்துக் கொடுக்கிறார். நீங்களும் நானும் அதை வாயில் வைத்து ஊதுவோம். பாஸ்கோ ஊத மாட்டார், பார்ப்பார். சட்டைப் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இழைப்பெல்லாம் மேல்பூச்சு, வார்ப்புதான் உயிர் என்று முணுமுணுத்தபடி, உள்சுவர் நேராக நிற்கிறதா கூரை மாதிரி சாய்கிறதா, துளை அடியில் எவ்வளவு விரிகிறது, ரீடு என்கிற நாணல் தகட்டுக்குக் கீழே சரிவு எத்தனை ஆழம், அச்சில் வார்த்ததா தடியைக் கடைந்ததா என்று, இடைவேளைத் தேநீர் ஆறிப்போய் லாமிங்டன் கேக் தட்டில் தேங்காய்த்தூள் மட்டும் மிஞ்சும்வரை பார்ப்பார். வீட்டில் பத்தொன்பது வைத்திருக்கிறார். ஜெர்மன் வார்ப்பு கனமாகப் பேசுமாம், பழைய பிரெஞ்சு வார்ப்பு கணீரென்று பேசுமாம். எங்கள் காதுக்குப் பத்தொன்பதிலும் பாஸ்கோதான் பேசினார்.

சுருதி ஏறினால் துளை குறுகல். ஒலி பிசிறினால் சரிவு சரியில்லை என்பார். சாதகம் செய்யாததற்கு எந்த வார்ப்பு காரணம் என்று ஒருநாள் கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

இந்த வருடம் இரண்டு முறை அவர் தான் வாசிக்கத் தொடங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டார். பாண்டை நடத்தும் ரோசலின் பொறுத்துப் பார்த்துவிட்டு எல்லார் முன்னிலும் சொன்னாள்: "இன்னொரு தடவை விட்டீங்கன்னா, அந்த நாற்காலி க்ளெனிஸுக்கு." க்ளெனிஸ் இரண்டாம் நாற்காலி. தபால் ஆபீசில் வேலை, அதிகம் பேசமாட்டாள். பாஸ்கோவின் முகம் வெளுத்துவிட்டது. அந்த நாற்காலியை விட்டால் அவருக்கு ஊரில் வேறு என்ன பெருமை?

மே மாதக் கச்சேரி, பூங்கா மண்டபத்தில், நல்ல குளிரில்; மே என்றால் எங்கள் பக்கம் குளிர்காலம் தொடங்கிவிடும். ஒரு பாட்டின் நடுவே நாற்பது தாளச் சுற்றை எண்ணியபடி சும்மா இருந்து, பிறகு அவர் தனியாக வாசிக்க வேண்டும். அந்த ஓய்வு வரும்வரை அருமையாகவே வாசித்தார். அதுதான் கொடுமை. ஓய்வின் மூன்றாவது சுற்றில் அவருக்கு ஒரு சந்தேகம்: குளிரில் ஜெர்மன் வார்ப்பு தொண்டை கட்டிவிட்டதோ? பையில் பிரெஞ்சு வார்ப்பு கதகதப்பாக இருக்கிறதே! கழற்றினார். மாட்டினார். ரீடை நகர்த்தினார். அதைப் பிடிக்கிற ஒரு திருகை முறுக்கினார். இரண்டாவது திருகில் விரல் இருக்கும்போது ரோசலினின் குச்சி அவர் பக்கம் திரும்பியது.

வாசித்தது க்ளெனிஸ். தவிப்பில்லாமல், அவசரமில்லாமல், கடைசி ஸ்வரம்வரை வாசித்தாள். கூட்டத்தில் ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை. பாஸ்கோ திருகைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே பாவமாக இருந்தது.

அந்தப் பாவம் கச்சேரி முடியும்வரைதான். முடிந்ததும் டார்ச்சோடு அவளிடம் போனார்.

"க்ளெனிஸ், இது எந்த வார்ப்பு?"

"தெரியாது. வாங்கினப்ப பெட்டியிலேயே இருந்துச்சு."

"உள்சுவர் சாய்வுதானே? அப்படி என்னதான் செஞ்ச?"

"எண்ணிக்கிட்டிருந்தேன், லிண்ட்ஸே. நாற்பது வரைக்கும்."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. பெட்டியில் இருந்த கம்பெனிப் பெயரைக் குறித்துக்கொண்டிருந்தார். முதல் நாற்காலி க்ளெனிஸுக்குப் போய்விட்டது; அவருக்கு இருபதாவது மவுத்பீஸ் வந்து சேர்ந்துவிட்டது. இப்போது கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்து அதற்குள் டார்ச் அடிக்கிறார்.

சிரிக்கிறீர்களா? கிளாரினெட்டைத் தொட்டதே இல்லை, எனக்கென்ன என்கிறீர்களா? சரி. நாளைமுதல் நடக்கலாம் என்று வாங்கினீர்களே, அந்தக் காலணியில் விலைச்சீட்டு இன்னும் தொங்குகிறதா? அதைவிட இலேசாக வேறொன்று வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு விசாரித்துக்கொண்டிருக்கிறீர்களா? கூச்சப்படாமல் வாருங்கள். கடைசி வரிசையில் எனக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி காலிதான்.