நான் தொடங்கிய பல்கலைக்கழகம்

தற்பெருமை பேச எனக்கு இயல்பாக வராது. நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்த பிறகுதான் கற்றுக்கொண்டேன். அதுவும் ஒரே நாளில், அளவு தெரியாமல்.

அதற்கு முன் சாம்பியாவில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் கணினி ஆசிரியராக இருந்தேன். அதைத் தொடங்கியவர் ம்வாலே மேடம். அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்காக, தன் வீட்டை அடகு வைத்து, ஒரு பழைய சோளக் கிடங்கில் ஆரம்பித்தார். திறப்பு விழாவில் என் பங்கு, பெஞ்சு தூக்கியது.

இங்கே விசா முடிய இருந்தது. வேலை கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மகள் அப்போதுதான் பள்ளியில் தோழிகள் பிடித்திருந்தாள். அந்த நேரத்தில் எல்லர்ஸ்லியில் ஒரு பயிற்சி நிறுவனம் நேர்காணலுக்குக் கூப்பிட்டது. பக்கத்து வீட்டு ராஜன் அண்ணன் (யாழ்ப்பாணத்துக்காரர், நாங்கள் குடியிருக்கும் கிளென் ஈடன் பகுதி முழுவதற்கும் இலவச ஆலோசகர்) எச்சரித்தார்: "தம்பி, இங்கை அடக்கம் சரிவராது. எல்லாம் நீங்கள்தான் செய்தது எண்டு கதையுங்கோ."

கதைத்தேன். "அங்கே உங்கள் பங்கு என்ன?" என்று மேனேஜர் கேட்டதும், "தொடங்கியதே நான்தான்" என்றேன். கிடங்கைப் பிடித்தது நான், அரசாங்க அனுமதி வாங்கியது நான், ஊர் ஊராகப் போய்ப் பெண் பிள்ளைகளை அனுப்பச் சொல்லிக் கெஞ்சியதும் நான். (இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் சாம்பியாவின் விக்டோரியா அருவியையும் நான்தான் வெட்டினேன் என்றிருப்பேன்.)

மேனேஜர் அசந்துபோனார். "அருமை! நீங்கள் நம்பர் கொடுத்த ம்வாலே அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறோம்."

இந்த நாட்டில் பழைய முதலாளியை விசாரிக்காமல் வேலை தரமாட்டார்கள். நுணல் தன் வாயால்தான் கெடும். நான் போன் நம்பரும் கொடுத்துக் கெட்டேன்.

கார் பார்க்கிங்குக்கு ஓடி மேடத்தை அழைத்தேன். அங்கே நடுராத்திரி, எடுக்கவில்லை. வாட்ஸப்பில் குரல் செய்தி அனுப்பினேன்: "மேடம், ஒரு சின்ன உதவி. யாராவது கேட்டா, யுனிவர்சிட்டியை நான்தான் ஆரம்பிச்சேன்னு சொல்லிடுங்க. நீங்க எனக்குக் கீழே வேலை பார்த்ததா சொன்னாலும் பரவாயில்லை."

வீட்டில் என் மனைவி கோமதி தலையில் அடித்துக்கொண்டாள். "ஏங்க, பெஞ்சு தூக்குனவரு பெஞ்சு தூக்குனேன்னு சொன்னா என்ன குறைஞ்சு போகுது?"

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். குரலில் சிரிப்பு. மேடம் உள்ளதைச் சொல்லிவிட்டாராம்: "அவர் எதையும் தொடங்கவில்லை. ஆனால் கரண்ட் போன நாளெல்லாம் கரும்பலகையில் கீபோர்டு வரைந்து பாடம் நடத்தினார். அப்படிப் படித்த பிள்ளைகள் இன்று ஆபீஸ்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தனை புளுகினேனே, இந்த ஒன்றைச் சொல்லத் தோன்றவில்லை.

வேலை கிடைத்தது. அதை வாங்கிக் கொடுத்தது தான்தான் என்று ராஜன் அண்ணன் இன்றும் ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறார்.

குரல் செய்தி மட்டும் அழியவில்லை. பல்கலைக்கழகத்தின் ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் மேடம் பேசி முடித்து, "இப்போது நம் நிறுவனர் பேசுவார்" என்று அதை ஒலிபெருக்கியில் போடுகிறார். மொத்த அரங்கமும் எழுந்து நின்று கைதட்டுகிறது. அந்த வீடியோ வந்து சேரும்போது, கிளென் ஈடனில் என் மனைவியும் மகளும் எழுந்து நிற்கிறார்கள்.