மகாராசாவின் கல்வெட்டு

தன்னுடைய கல்வெட்டுக்குத் தானே ஏழு வருஷம் புரூப் பார்த்த மனுஷன் உலகத்தில் ஒருவர்தான். அவரும் என்னுடைய அச்சகத்துக்குத்தானா வந்து சேர வேண்டும்?

ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் வீட்டுக்காரர் அடித்துக் கொடுக்கிற நினைவுப் புத்தகம்தான் கல்வெட்டு. அதை மிஞ்சியிருப்பவர்கள் எழுதுவார்கள். துறைமுகத்தில் வின்ச் ஓட்டிய எங்கள் மகாராசாவுக்கு மிஞ்சப்போகிறவர்கள் மேல் நம்பிக்கை இல்லை. நாடகங்களில் ராசா வேஷம் கட்டிக் கட்டியே அந்தப் பெயர் வந்தது. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும். வின்ச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. மேடையில் இருமினால் தூரத்துப் பாலையூற்றில் நாய் குரைக்கும்.

ஒரு லீவு நாளில் தன் வரலாற்றை எழுதிய கொப்பியோடு வந்தார். எல்லாவற்றையும் எழுத்துக் கோத்து வைக்கட்டாம், இறந்த திகதிக்கு மட்டும் இடம் விடட்டாம்.

“இன்னும் சாகேல்லையே அண்ணை, என்ன அவசரம்?”

“செத்தாப் பிறகு நான் வந்து பிழை திருத்த ஏலுமே, தம்பி?”

அன்றைக்குப் பிடித்தது சனி. ஒவ்வொரு நாடகம் முடியவும் ஒரு பந்தி கூடும். ஈச்சிலம்பற்றில் கறையான் தின்ற மேடை இவர் குதித்த குதியில் உடைந்தது. ‘நடிப்பின் பாரம் தாங்காமல் மேடை சரிந்தது’ என்று சேர்க்கச் சொன்னார். கொழும்பில் எடுத்த ஒரு படத்தில் தபால்காரனாக வந்தார். கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போவார், முதுகுதான் தெரியும். படம் எங்கள் ஊருக்கு வந்தபோது அந்த இடத்தில் எழும்பி நின்று கும்பிட்டார். பின்னால் இருந்தவர்களுக்குப் படத்தில் இருந்த முதுகும் மறைந்துபோனது. அதற்கு ‘திரையுலகில்’ என்று மூன்று பக்கம்.

என்னிடம் இருந்ததே கொஞ்ச ஈய எழுத்து. அதில் பாதி அவருடைய பக்கங்களில் கட்டிக் கிடந்தது. மகளின் கலியாணக் கார்டுக்காக நாலு தரம் அலைந்த கிண்ணியா முதலாளி ஒருநாள் பொறுமை இழந்தார்.

“இந்த மையத்த எப்ப தம்பி எடுப்பீங்க?”

அவர் மையத்து என்று சொன்ன பிணம் பக்கத்துக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தது.

இத்தனை எழுதியும் அவருக்கு ஒரு குறை. நான் அவருடைய நாடகம் ஒன்றும் விடாமல் பார்ப்பவன். மறுநாளே வந்து, “எப்பிடி நடிச்சனான்?” என்று கேட்பார். “சத்தம் நல்லாக் கேட்டுது அண்ணை” என்பேன். நல்லது என்று ஒரு சொல் சொன்னால் நாலு பக்கம் கூட்டிவிடுவார் என்ற பயம் எனக்கு. முகம் சுருங்கிப் போவார். அடுத்த நாடகத்துக்குப் பிறகு திரும்ப வந்து கேட்பார்.

ஒரு நாடகத்தில் கடலுக்குப் போய்த் திரும்பாத மகனின் சட்டையைக் கையில் வாங்குகிற தகப்பனாக வந்தார். வசனம் இல்லை. சட்டையை மெல்ல மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார். மண்டபத்தில் ஒரு செருமல் கூட இல்லை. நான் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தேன். மறுநாள் வந்து கேட்டபோதும் சத்தம் நல்லாக் கேட்டது என்றுதான் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, புரூப்பும் கேட்காமல் போய்விட்டார்.

போன மாதம் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். மகள் திகதி எழுதிக் கொண்டுவந்து தந்தாள். எல்லாம் அப்பாவே எழுதி வைத்துவிட்டார், எங்களுக்கு ஒன்றும் மிச்சமில்லை என்றாள். படியிறங்கப் போனவள் நின்றாள்.

“அப்பாக்கு உங்களில ஒரு மனவருத்தம் இருந்தது, மாமா. ‘அவன் மட்டும் ஒண்டும் சொல்லேல்லை’ எண்டு கடைசி மட்டும் சொன்னவர்.”

அன்றைக்கு வேறு வேலை எதையும் தொடவில்லை. அந்தச் சட்டையை அவர் மடித்த விதத்தையும், நான் சுவர்ப் பக்கம் திரும்பியதையும், இந்தத் துறைமுகத்தில் அப்படி நடிக்க வேறு ஆள் இல்லை என்பதையும் நானே எழுத்துக் கோத்துக் கடைசிப் பக்கமாகச் சேர்த்தேன்.

ஏழு வருஷத்தில் மகாராசா புரூப் பார்க்காத பக்கம் அது ஒன்றுதான்.